கிருகஸ்தாசிரமம் அடைந்த சைக்கிள்

சைக்கிள்களிலும் பிரம்மசாரி, கிருகஸ்தன் என்று இரண்டு ஆசிரமங்கள் உண்டென்பதும், பின்சக்கரத்தின் மேல் கேரியர் இருக்கிறதா இல்லையா என்பதே அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் லட்சணம் என்பதும் என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். கேரியர் இல்லாத சைக்கிள் தன் எஜமானனை மாத்திரம் சுமந்துகொண்டு, ஒருவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாமல், வீதியில் ஒய்யாரமாகப் போகும். பார்க்கிறவர்கள் அதன் அழகை மெச்சுவார்களே தவிர, அதனிடம் ஒரு காரியத்தை ஒப்படைக்கலாம் என்று சொப்பனத்திலும் நினைக்கமாட்டார்கள். கேரியர் உள்ள சைக்கிளோ, அரிசி மூட்டை, மைத்துனன், மாவு மில்லிலிருந்து சூடு ஆறாமல் திரும்பும் மிளகாய்த்தூள் டப்பா, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, வாழைத்தார் ஆகிய சம்சார பாரங்கள் யாவற்றையும் பேதம் பாராமல் ஏற்று, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வீடு கொண்டு சேர்க்கும். முணுமுணுப்பில்லாமல் என்று எழுத ஆசைதான். ஆனால் நட்டு தளர்ந்து கடகடக்காத கேரியரை நான் இந்த ஜன்மத்தில் பார்த்ததில்லை.

பழைய காலத்துச் சைக்கிள்கள் கிருகஸ்தர்களாகவே பிறந்தன. 1949-ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாருடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை நிறுவி, அம்பத்தூரில் தொழிற்சாலை எழுப்பி, ஹெர்குலிஸ் என்ற கிரேக்க வீரனின் நாமதேயத்தைத் தமிழ்நாட்டுத் தபால்காரர்களுக்கும் பால்காரர்களுக்கும் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் பழகிய பெயராக்கிவிட்ட காலத்தில், கறுப்பு வர்ணமும் இருபத்தெட்டு அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட அந்த வண்டியின் முன்சக்கரத்தில் 32 ஸ்போக்ஸும் பின்சக்கரத்தில் 40 ஸ்போக்ஸும் இருந்தன. இது பிரிட்டிஷ் சம்பிரதாயம். ஓட்டுகிறவரின் பாரத்தில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் விழுகிறது என்பது அதற்குப் பௌதிக சாஸ்திரம் சொல்லும் காரணம். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் வந்து உட்காருவார் என்பது நம்முடைய அனுபவ சாஸ்திரம். அந்த இரண்டாமவரைக் கண்டால் போலீஸ்காரர் பிடிப்பார் என்கிற காரணத்தால், தெருமுனை நெருங்கியதும் அவர் குதித்திறங்கி, சம்பந்தமே இல்லாத ஒரு பாதசாரியைப் போல் பத்து கஜ தூரம் கண்ணியமாக நடந்து, போலீஸ்காரரின் திருஷ்டியைக் கடந்தவுடன் ஓடிவந்து ஏறிக்கொள்வார். முனிசிபாலிடிக்கு வரி கட்டி, அதற்கு அடையாளமாக ஒரு வில்லையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு, சைக்கிள் என்பது சொத்து என்ற பிரக்ஞையோடு மக்கள் வாழ்ந்த நாட்கள் அவை.

நான் சென்ற வருஷம் வாங்கிய சைக்கிள் மேற்படி வம்சத்தைச் சேர்ந்ததல்ல. சாம்பல் நிறமும், மெலிந்த தேகமும், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட அந்த வண்டியை எனக்கு விற்ற இளைஞர், அதன் கியர்களின் மகாத்மியத்தை அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் முடிந்த பிறகு, "மணி எங்கே, தம்பி?" என்று கேட்டேன். "அது ஆக்சசரி சார், தனியா வாங்கணும்" என்றார். ஸ்டாண்டு? அதுவும் ஆக்சசரி. மட்கார்டு? அதுவும். கேரியர் என்ற வார்த்தையை நான் உச்சரித்தபோது மாத்திரம் அவர் முகத்தில் ஒரு வேதனை படர்ந்தது. "இந்த மாடலுக்குக் கேரியர் போட்டா லுக்கே போயிடும், சார்." நம்முடைய அரசாங்கம் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் விரிவாக்கிய இலவசத் திட்டத்தில் கொடுக்கும் சைக்கிளில்கூடப் பின்னால் ஒரு கேரியர் இருக்கிறது, இனாமாக வரும் வண்டியில் இருப்பது, விலை கொடுத்து வாங்கும் வண்டியில் இல்லை. விலை ஏற ஏற உறுப்புகள் குறைந்துகொண்டே போகும் இந்த வர்த்தக தத்துவத்தை அந்த இளைஞரிடம் விசாரிப்பது நியாயமல்ல என்று பேசாமல் வந்துவிட்டேன்.

மயிலாப்பூரில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் ஜீவனோபாயம். சைதாப்பேட்டை பஜார் ரோட்டிலிருந்து புறப்பட்டு, தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆகாயத்தில் ஒரு சாலை போடும் பொருட்டு பூமியில் இருக்கும் சாலையைச் சுருக்கி வைத்திருக்கும் அண்ணா சாலையின் புழுதியில் நந்தனம் வரை நீந்தி, சேமியர்ஸ் ரோட்டில் திரும்பி, ராஜா அண்ணாமலைபுரம் வழியாகப் போய்ச் சேர ஐந்தாறு கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு மெய்ப்புக் கட்டு, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடிக் கூடு, அகராதி ஒன்று ஆகியவற்றை முதுகுப் பையில் அடைத்துச் சுமந்து போனால், சித்திரை மாதத்தில் என்ன ஆகும் என்பதைச் சென்னைவாசிகளுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆபீசில் பையைக் கழற்றியதும் சட்டையின் பின்புறத்தில் இந்திய தேசப் படம், இலங்கை உள்பட, தெளிவாகத் தெரியும். அதோடு போனாலும் பரவாயில்லை. வியர்வை பையையும் ஊடுருவி, நான் முந்தின இரவு கண்விழித்துச் சிவப்பு மையினால் திருத்தியிருந்த பக்கங்களையெல்லாம் ஒரே செம்மண் கரைசலாக்கிவிட்டதைக் கண்டு, அச்சுக்கோப்புப் பெண் "சார், இதுல நீங்க திருத்தினது எது, பேனா கொட்டினது எது?" என்று கேட்டாள்.

என் மனைவி இந்த விஷயத்தை வேறு கோணத்தில் பார்த்தாள். "ஏங்க, மூட்டையைத் தூக்கத்தானே வண்டி? நீங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டு, வண்டி சும்மா வருதே!" தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு கிடையாது.

ஆகவே ஒரு கேரியரைத் தருவித்தேன். அட்டைப் பெட்டியில் அங்கம் அங்கமாக வந்து சேர்ந்தது: அலுமினியத்தால் ஆன மேல்தட்டு, இரண்டு கால்கள், சீட்டை நோக்கி நீளும் இரண்டு பட்டைகள், ஒரு சிறு பொட்டலத்தில் திருகாணிகள், வார்த்தையே இல்லாமல் அம்புக்குறிகளால் மாத்திரம் பேசும் ஒரு காகிதம். தட்டின் அடியில் 25 கிலோ என்று பொறித்திருந்தது. இந்த வஸ்துக்களை ஏந்திக்கொண்டு ஜோன்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு வேப்பமரம், அதன் கிளையில் தொங்கும் டியூப்கள், தண்ணீர் நிரப்பிய ஓர் இரும்புச் சட்டி, ஒரு பம்பு. கடைக்காரர் பாய் அறுபதைத் தாண்டியவர். சைதாப்பேட்டையில் வாடகைச் சைக்கிள் மணிக்கணக்கில் ஓடிய காலத்திலிருந்து அந்த மரத்தடியில் இருக்கிறார்.

வண்டியைச் சுற்றி ஒருமுறை பிரதட்சிணம் வந்தார். "இன்னா சார் வண்டி இது? ஸ்டாண்டு இல்ல, மட்காடு இல்ல, ஒண்ணுமே இல்லாம வாங்கினு வந்துகிறீங்க. கேரியர் எங்க மாட்டறது?"

காகிதத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்கு அடியில் வைத்தார். அதன் பிறகு ஸ்டூல் ஆடவில்லை. அந்தக் காகிதத்தினால் அன்று விளைந்த பிரயோஜனம் அவ்வளவே.

பின்சக்கர அச்சுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, மரை போட்ட சின்னஞ்சிறு கண்கள் இரண்டு இருந்தன. கேரியரின் கால்கள் அங்கேதான் நிற்க வேண்டும். வலதுகால் சாதுவாக நின்றது. இடதுபக்கம் வந்தபோது டிஸ்க் பிரேக்கின் காலிப்பர், திண்ணையில் கால் நீட்டிப் படுத்த சம்பந்தியைப் போல, கால் போக வேண்டிய இடத்தை முழுவதும் அடைத்துக்கொண்டு கிடந்தது. பாய் யோசிக்கவில்லை. தகர டப்பாவைக் கவிழ்த்து, எந்த யுகத்துச் சைக்கிளின் எலும்போ, ஒரு குழாய்த் துண்டை எடுத்து, ஆக்ஸா பிளேடால் விரற்கடை அளவுக்கு இரண்டு வளையம் அறுத்தார். "ஒண்ணு போதாதா, பாய்? இந்தப் பக்கம் மட்டுந்தானே இடிக்குது?" என்றேன். "ஒரு பக்கம் மட்டும் தள்ளி வெச்சா கேரியர் கோணிக்கும். அப்புறம் ரோட்ல போறவன்லாம் சொல்லினு போவான்" என்றார். இரண்டு பக்கமும் வளையம் வைத்து, அதற்கேற்ப நீளமான போல்டுகளைத் தேடி முடுக்கியதும், கேரியர் காலிப்பரை லட்சியம் செய்யாமல் விலகி நின்றது.

மேல் பட்டைகளுக்கு வண்டியில் கண்ணே இல்லை. கம்பெனிக்காரர்கள் கீழே இரண்டு கண் வைத்துவிட்டு, மேலே வைக்க மறந்துவிட்டார்கள். பாய் இரண்டு கிளாம்புகளை எடுத்து, பழைய டியூபை நாடா நாடாவாகக் கிழித்துக் குழாயின் மேல் சுற்றி, அதன் மேல் கிளாம்பைப் பிடித்தார். டியூப் இல்லாமல் மாட்டினால் பெயிண்டு போவதோடு, மழைக்காலத்தில் கிளாம்பு வழுக்கி இறங்கிவிடுமாம். ஒவ்வொரு போல்டிலும் நட்டின் மேல் இன்னொரு நட்டு போட்டு, ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை முறுக்கிப் பூட்டினார்.

இதற்குள் ஒரு சிறு மகாசபை கூடிவிட்டது. சைதாப்பேட்டையில் ஒருவர் வீதியில் ஸ்பானரைக் கையில் எடுத்தால், அங்கே உடனே நான்கு பேர் ஆஜராக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். சவாரி இல்லாத ஓர் ஆட்டோ டிரைவர், தேநீர்க் கிளாசோடு ஒருவர், பள்ளிக்கூடத்துக்குப் போவதாக வீட்டில் நம்பப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், இவர்களோடு டெலிபோன் இலாகாவில் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர். பெரியவர் பத்தடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "இடதுபக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்று தீர்ப்பளித்தார். பாய் கழற்றி மாட்டினார். பெரியவர் மறுபடி பார்த்து, "இப்போ வலதுபக்கம்" என்றார். மூன்றாம் முறை பாய் ஸ்பானரை வைத்து எடுத்ததாகப் பாவனை செய்தார், ஒன்றையும் தொடவில்லை. "ஆங், இப்போ சரி" என்றார் பெரியவர், பூரண திருப்தியோடு.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டினேன். கடைசி கியரில் போட்டதும் பின்னாலிருந்து சுவர்க்கோழி கத்துவதைப் போன்ற ஒரு சப்தம். பாய் குனிந்து பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். வலதுபக்கத்து நீள போல்டின் நுனி உள்பக்கம் துருத்திக்கொண்டு, ஓரப் பல்சக்கரத்தில் ஓடும் செயினை உரசிக்கொண்டிருந்தது. அதை அரத்தினால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ராவி, கண்ணின் மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் எழுந்தார். கேரியரை மாட்டுகிறவர்கள் சுமையைப் பற்றி எவ்வளவோ யோசிக்கிறார்கள். வண்டி நகராமல் போவதற்கு அரை நெல்லளவு போல்டு போதும் என்பது அந்த அரத்தைப் பிடித்தவருக்குத்தான் தெரிகிறது.

"இருபத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்கு, பாய், தாங்குமா?" என்று கேட்டேன்.

"அது அவங்க ஊர் கிலோ, சார்."

இதன் தாத்பரியம் என்ன, அதிகம் தாங்கும் என்கிறாரா குறையத் தாங்கும் என்கிறாரா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போது, காற்றடித்துக்கொள்ள கேஸ் போடுகிற தம்பி வந்தார். அவருடைய வண்டி பழைய கறுப்புச் சைக்கிள். பின்னால் இரும்புப் பட்டையில் அடித்த கேரியர். அதன் இரண்டு பக்கமும் கொக்கி. கொக்கிக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். வீட்டுச் சிலிண்டரில் கேஸ் மாத்திரம் 14.2 கிலோ, இரும்புக் கூடு ஏறக்குறைய அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் அறுபது கிலோவை நெருங்குகிறது. அந்த அறுபதையும் தொங்கவிட்டுக்கொண்டு, சப்வேயில் இறங்கி ஏறி, மாடிப்படி வேறு ஏறுகிற அந்த மனிதர், என்னுடைய அலுமினிய கேரியரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். நன்றாக இருக்கிறதென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை.

"இதுல பூ எடுத்துனு போலாம், சார்."

சபையோர் இந்த வாக்கியத்தை ரசித்த விதத்தை நான் வர்ணிப்பதாக இல்லை. ஆனால் அந்தத் தம்பியின் சைக்கிளைப் பார்த்தபிறகு, கேரியரின் இரண்டு பக்கமும் மாட்டும் இரட்டைப் பை என்பது ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த நூதனம் என்று நான் கொண்டிருந்த எண்ணம் அடியோடு அகன்றது. இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டால் சுமை தாழ்ந்து நிற்கும், வண்டி தள்ளாடாது என்பதை நம் பால்காரர்களின் கேன்களும், குழாயடிக்குப் போகும் பிளாஸ்டிக் குடங்களும் எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் அறிந்திருக்கின்றன. 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தை ஒட்டிக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, முன்பாரில் குழந்தையும் பின்னால் தண்ணீர்க் குடங்களுமாக அவர்கள் ஓட்டிச் சென்ற காட்சியைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அதற்கும் முன்னே போனால், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதிகளைச் சமன்செய்து இருபுறமும் சுமந்து, சுமந்து, முதுகில் தழும்பேறிய கழுதைகள் வணிகச் சாத்தோடு நடந்து போகின்றன. அந்தப் பொதிகளைப் புலவர் பலாப்பழத்துக்கு ஒப்பிடுகிறார். 1726-ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வர்த்தகர் தம் சொந்தச் செலவில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி வைத்ததும், இன்றைக்கு மறைமலை அடிகள் பாலம் நிற்கும் அதே சைதாப்பேட்டையில்தான். பட்டணத்துக்குள் நுழையும் பொதிகள் இந்த ஊரைத் தாண்டிப் போனது இன்று நேற்று ஆரம்பித்த வழக்கமல்ல. கழுதைக்கும் எனக்கும் இவ்வளவு நீண்ட பாத்தியதை இருக்குமென்று அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

பைகளை ஆட்டோவுக்கு ஹூட்டு தைப்பவரிடம் தைக்கக் கொடுத்தேன். கடைகளில் ஆயத்தமாக விற்கும் ஜெர்மானியப் பைகளின் விலையைக் கேட்டுவிட்டு, அந்த விலைக்கு இன்னொரு சைக்கிள் வாங்கி அதை ஓட்ட ஓர் ஆளையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியதே இதற்குக் காரணம். பிற்பாடு ஒரு விஷயம் தெரியவந்தபோது என் மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. அந்தப் பைகளைச் செய்யும் கம்பெனியை 1982-இல் தொடங்கிய ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்பவர், மழையில் நனைந்து சைக்கிள் பிரயாணம் செய்துகொண்டிருந்தபோது, எதிரே போன லாரியின் மேல் போர்த்திய தார்ப்பாய் தன் சரக்கை நனையாமல் காப்பதைக் கண்டு, வீடு திரும்பி அதே மாதிரித் தார்ப்பாயில் தம் முதல் பையைத் தைத்தாராம். அவருக்கு லாரி, எனக்கு ஆட்டோ. ஞானம் பிறந்த வாகனம் வேறே தவிர, ஞானம் ஒன்றுதான்.

ஹூட்டுக்காரர் மேல்பக்கம் மஞ்சளும் அடிப்பக்கம் கறுப்புமாக, ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டு, வாயைச் சுருட்டி மடித்துக் கொக்கி மாட்டும்படி வெகு நேர்த்தியாக ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். தட்டின் கம்பியில் மாட்ட பாய் கம்பியை வளைத்துக் கொக்கி செய்தார். பை குதிக்காமல் இருக்க அடியில் ரப்பர் நாடா. எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஹூட்டுக்காரர் சைக்கிளை அளந்தாரே தவிர என் பாதத்தை அளக்கவில்லை. என் பாதம் சராசரியைக் காட்டிலும் சற்றே தீர்க்கமானது. நவீன சைக்கிள்களோ பழைய கறுப்பு வண்டிகளைப் போல் பின்னால் நீளாமல், பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சிக்கனமாகக் கட்டப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு மிதிக்கும் என் குதிகால் பையின் முன்மூலையை ஓர் உதை உதைத்தது. வலதுபையில் மெய்ப்புக் கட்டு இருந்தபடியால், நந்தனம் வருவதற்குள் ஓர் ஆசிரியரின் நாவலை நான் எத்தனை முறை உதைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. நாவலைப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பெரிய மனவருத்தமும் இல்லை. ஆனாலும் பைக்காகப் பரிதாபப்பட்டு, கொக்கியைப் பின்னுக்குத் தள்ளி, முன்பக்கத்துக் கீழ்மூலையைச் சாய்வாக வெட்டித் தைக்கச் செய்தேன். விலை உயர்ந்த பைகளெல்லாம் அந்த மூலையில் ஏன் சாய்ந்திருக்கின்றன என்பதை அன்று என் குதிகால் வழியே அறிந்துகொண்டேன்.

மஞ்சளும் கறுப்பும் சேர்ந்த அந்த வர்ணத்தினால் ஒரு விளைவு உண்டாயிற்று. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பிரபல எழுத்தாளரின் அடுக்ககத்துக்கு மெய்ப்புக் கொண்டு போனேன். அதற்கு முன்பு முதுகுப் பையோடு போனபோதெல்லாம் எழுந்து நின்று "வாங்க சார்" என்று சொல்லும் காவலாளி, இப்போது நாற்காலியைவிட்டு அசையாமல், "எந்த ஃபிளாட்டு ஆர்டர்?" என்றார். ஆர்டர் இல்லை, மெய்ப்பு என்றேன். "என்னவா இருந்தாலும் சர்வீஸ் லிஃப்டுதான். நோட்ல கம்பெனி பேரை எழுதிட்டுப் போங்க." எழுதினேன். எழுத்தாளர் கதவைத் திறந்தவுடன் என் பையைப் பார்த்து, "நான் ஒண்ணும் ஆர்டர் பண்ணலையே" என்றார். நான்கு ஆண்டுகளாக அவருடைய சந்திப்பிழைகளைத் திருத்திவரும் முகம் அவருக்கு ஞாபகம் வர, நான் பையிலிருந்து அவருடைய நாவலை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. மேல் அட்டையில் குதிகாலின் சுவடு தெரிந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் நடந்தது வேறு. முதல்நாள் மாலையே என் மனைவி பைகளின் உள்ளே கையை விட்டு ஆழம் பார்த்து, "இதுல பத்து தேங்காய் போகும்" என்று மதிப்பிட்டாள். மறுநாள் முதல் நான் ஆபீசிலிருந்து திரும்பும் வழி காய்கறி மார்க்கெட் வழியாக இருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஒரு பக்கம் கனத்தால் வண்டி சாயும் என்று பௌதிகம் பேசியது என் பிழைப்புக்கே வினையாக முடிந்தது. "அப்போ அந்தப் பக்கமும் அதே எடைக்கு ஏதாவது வாங்கிக்கோங்க" என்று சொல்லி, வாங்க வேண்டிய பொருள்களை எடைப்படி இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதிக் கொடுக்கத் தொடங்கினாள். ஒரு கிலோ வெங்காயம் இடது, ஒரு கிலோ உருளை வலது. வலதுபக்கம் கீரை இருந்தால் அதற்கு ஈடாக இடதுபக்கத்தில் வைக்க இரும்புக் கடையில் ஒன்றும் கிடைக்காதா என்று நான் சில நாட்கள் யோசித்ததுண்டு.

எதிர்வீட்டு அம்மாள் அடுத்தபடியாக வந்தார். "தம்பி, அந்தப் பக்கமாத்தானே போறே, இந்த அரிசியை மெஷின்ல குடுத்துட்டு வந்துடு." அந்தப் பக்கம் என்று அவர் கை காட்டியது நான் போகும் திசைக்கு நேர் எதிர். ஆனால் கேரியர் உள்ளவனுக்கு எல்லாத் திசையும் போகிற திசைதான் என்பது வீதியின் பொதுவான நம்பிக்கை. பிறகு மாடிவீட்டுக்காரரின் இஸ்திரித் துணி, காரணீஸ்வரர் கோயிலில் நைவேத்தியத்துக்குக் கொடுக்க வேண்டிய வெல்லம், பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கும் ஒரு பெண்ணின் களிமண் எரிமலை. எரிமலை இடதுபையிலிருந்து முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு பயணம் செய்தது. அதைப் பாதுகாப்பாகச் சேர்த்ததற்கு அந்தப் பெண் மாத்திரம், "தேங்க்ஸ் மாமா" என்று சொன்னாள். டெலிபோன் பெரியவர் பையைப் பற்றி அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. பென்ஷன் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களை மாத்திரம் ஒரு நாள் மௌனமாக அதற்குள் வைத்துவிட்டுப் போனார்.

ஆபீசில் என் சட்டையின் முதுகு இப்போது உலர்ந்தே இருக்கிறது. சிவப்பு மை கரைவதில்லை. அச்சுக்கோப்புப் பெண்ணுக்குத் திருத்தம் எது, திரவம் எது என்ற சந்தேகம் எழுவதில்லை. இந்த மூன்று லாபங்களுக்காக நான் கேரியர் மாட்டினேன். மூன்றும் கிடைத்திருக்கின்றன என்பதை நியாயஸ்தனாக ஒப்புக்கொள்கிறேன். கேஸ் போடும் தம்பியின் தீர்ப்பும் ஒரு விதத்தில் பலித்தது. சென்ற மார்கழியில் பூக்கடைக்காரம்மாளுக்கு ஒரு கூடை சாமந்தி கொண்டு போய்க் கொடுத்தேன்; கேரியர் அசையவில்லை.

சைக்கிள் வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்கள் ஒரு காரியம் செய்யவும். கியரைப் பற்றிய பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே, மரியாதையைப் பாராமல் குனிந்து, பின்சக்கர அச்சுக்கு மேலே பக்கத்துக்கு ஒரு கண் இருக்கிறதா, சீட்டுக்குக் கீழே குழாய்களில் இரண்டு கண் இருக்கிறதா, பிரேக் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் பணத்தை எடுக்கவும். கேரியரை வீட்டில் தாங்களே மாட்டிக்கொள்ளத் தைரியம் உள்ளவர்கள் இரண்டாவது நட்டை மறக்க வேண்டாம். ஏற்கெனவே சைக்கிள் இல்லாதவர்கள், அல்லது இருந்தும் கேரியர் இல்லாதவர்கள், சைதாப்பேட்டை மாவு மெஷினுக்கு ஏதேனும் அனுப்ப வேண்டுமென்றால் என்னிடம் கேட்க வேண்டாம். என் இரண்டு பைகளும் பொங்கல் கழியும்வரை எங்கள் வீதியாருக்கு வாக்களிக்கப்பட்டுவிட்டன.